திரும்பிப் போக நினைக்கும் புதியவர்களுக்கு



'மட்' என்று சுருக்கமாக வழங்கும் எழுத்துவழி மாய உலகங்களுள் ஏதேனும் ஒன்றில் நேற்றோ இன்றோ பிரவேசித்து, கறுப்புத் திரையில் விரைந்தோடும் ஆங்கில வாக்கியங்களைக் கண்டு மலைத்து, இரண்டு தெரு நடப்பதற்குள் வழி தவறி, எதிர்ப்பட்ட ஏதோ ஒரு பிராணியிடம் உயிரையும் பறிகொடுத்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்ற தீர்மானத்தோடு கணினியை மூடப்போகும் உங்களுக்கே இம்மடலை எழுதுகிறேன். அவ்வுலகங்களில் நெடுங்காலம் குடியிருந்தவன் என்பதற்கு மேல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆயினும் புதியவர்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுவேன்: போய்விடுகிறவர்களிற் பலர் தங்கள் கண்ணெதிரே எழுதியிருந்ததைப் படியாமையினாலேயே போகிறார்கள். இந்த ஆட்டத்தில் வாளைவிடவும் மந்திரத்தைவிடவும் பலமான ஆயுதம் நிதானமான வாசிப்பு. அதனை ஏந்தத் தெரிந்தவருக்கு மற்றவையெல்லாம் காலக்கிரமத்தில் தாமே வந்து சேரும்.

நீங்கள் நுழைந்திருக்கும் இடம் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ராய் ட்ரப்ஷா என்பவர் 1978-ஆம் ஆண்டில் அங்கிருந்த பெரிய கணினியொன்றில் இவ்வகை ஆட்டத்தின் முதல் உருவை இயற்றினார். அவருடைய சக மாணவரான ரிச்சர்ட் பார்ட்டில் 1980-இல் அதனைத் தம் பொறுப்பில் ஏற்று விரிவாக்கினார். தனியொருவர் குகைகளிற் புகுந்து புதையல் தேடும் எழுத்து விளையாட்டுகள் அதற்கு முன்பே அமெரிக்காவில் பிரசித்தமாயிருந்தன. ஆனால் ஒரே குகையில், ஒரே சமயத்தில், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த மனிதர்கள் சந்தித்துப் பேசலாம், துணை நிற்கலாம், சண்டையிடலாம் என்ற ஏற்பாட்டுக்கு வழிகாட்டியாக நின்றது எஸ்ஸெக்ஸ் ஆட்டமே. 1989-இல் ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் பென்ஷோ 'எல்பி மட்' என்ற மென்பொருளை ஆக்கினார். 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறை மாணவர் ஐவர் 'டிகு மட்' என்பதை வெளியிட்டனர். இன்று நீங்கள் காணும் உலகங்களிற் பெரும்பகுதி இவ்விரண்டு குடும்பங்களில் ஒன்றன் வழி வந்ததாகவோ, அவற்றின் செல்வாக்குக்கு உட்பட்டதாகவோ இருக்கும். டிகுவை ஆக்கியவர்கள் அதனைக்கொண்டு எவரும் லாபம் ஈட்டலாகாது என்ற நிபந்தனையோடு அதை உலகிற்கு அளித்தார்கள். அக்குடும்பத்து உலகம் ஒன்றன் வாயிலில் உங்களிடம் யாரும் காசு கேட்கவில்லையென்றால், அதற்குக் காரணம் அந்த ஐந்து மாணவர்களின் தாராள சிந்தையே.

இனி, முதற்காரியங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். எந்த உலகில் தொடங்குவது என்ற கேள்விக்கு, புதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பகுதி இருக்கும் உலகில் தொடங்குங்கள் என்பதே என் விடை. பின்லாந்தில் 1990-இல் தோன்றிய பாட்மட், டெரி பிராட்செட்டின் நாவல்களைத் தழுவி 1991-இல் எழுந்த டிஸ்க்வேர்ல்ட், 1996-இல் தோன்றிய ஆர்ட்வுல்ஃப், 1997-இல் தொடங்கிய அக்கேயா ஆகியவை நெடுங்காலமாக நிலைத்து நிற்பவை. புதியவர்களுக்கு உதவ முன்வரும் நெடுநாள் ஆட்டக்காரர்களும் அங்கே உண்டு. உள்ளே செல்வதற்கு ஒரு முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் போதும். டிகு வழி உலகங்களில் அது பெரும்பாலும் 4000 என்றிருக்கும். டெல்நெட் என்ற பழைய இணைப்பு நிரலைக் கொண்டே நுழையலாம் என்றாலும், மட்லெட் போன்ற இலவசக் கிளையன்ட் (இணைப்பு மென்பொருள்) ஒன்றை நிறுவிக்கொள்வது சௌகரியம். ஏனெனில் ஓடி மறைந்த வரிகளை அதில் மேலே தள்ளி மறுபடியும் படிக்கலாம், நீங்கள் தட்டும் எழுத்தும் உலகம் அனுப்பும் எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து குழப்பாமல் தனித்தனியே நிற்கும். ஒரு ஜாக்கிரதை மட்டும் அவசியம். டெல்நெட் வழியே செல்லும் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இன்றி வெளிப்படையாகவே பயணம் செய்வதால், வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே ஒருபோதும் கொடுக்கவேண்டாம்.

பெயர் சூட்டுவதிலும் அவசரம் கூடாது. எண் கலந்த பெயர்களையும், பிரசித்தமான கதாபாத்திரங்களின் பெயர்களையும் பல உலகங்கள் ஏற்பதில்லை. அதற்கும் மேலாக, அப்பெயராலேதான் பிறர் உங்களை ஆண்டுக்கணக்கில் அழைக்கப்போகிறார்கள். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் மந்திரவாதியின் மகிமையில் மயங்குவது எல்லாருக்கும் இயல்பு. மூல டிகுவில் மந்திரவாதி, மதகுரு, திருடன், போர்வீரன் என நான்கே தொழில்கள். அவற்றுள் மந்திரவாதி பிற்காலத்தில் மலையையும் அசைப்பான் என்றாலும், தொடக்கத்தில் இரண்டு அடிக்குத் தாங்கமாட்டான். போர்வீரனோ அடியை வாங்கிக்கொண்டு நிற்பான். அவன் நிற்கும் அந்த நேரமே நீங்கள் படிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். ஆதலால் முதற்பிறவியில் வீரனாகப் பிறந்து உலகத்தைத் தெரிந்துகொண்டு, மறுபிறவியில் மந்திரத்தை நாடுவது விவேகம்.

பிறந்தாயிற்று, டிகுவின் வழித்தோன்றல்கள் பலவற்றில் தொடக்க நகரமாக விளங்கும் மிட்கார்டில், கோயில் மண்டபத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் மண்டபத்தின் தலைப்பு, அதன்கீழ் நாலைந்து வரி வருணனை, அதன்கீழ் அங்கே கிடக்கும் பொருள்களும் நிற்கும் உயிர்களும், என்ற வரிசை காணப்படும். திசையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை மட்டும் தட்டினால் நடந்துவிடலாம். இந்தச் சுலபமே புதியவரின் முதற்சத்துரு. நாலு எழுத்தை மளமளவென்று தட்டுகிறவர் நாலு இடங்களைக் கடக்கிறார், ஓரிடத்தையும் காண்பதில்லை. நீங்கள் அப்படிச் செய்யாமல், கோயிற்படிகளில் இறங்கிச் சதுக்கத்தில் நின்று வருணனையைப் படியுங்கள். மேற்கே மதகுருமாரின் சங்கத்து வாயில், கிழக்கே ஒரு பழைய சத்திரம், தெற்கே சந்தைச் சதுக்கம் என்று அது சொல்லும். அந்தச் சத்திரம் அலங்காரத்துக்காக எழுதப்பட்டதன்று: ஆட்டத்தை விட்டு வெளியேறுமுன் சத்திரத்தில் வாடகை பேசித் தங்கவேண்டும், இல்லையேல் உடைமைகளை இழக்கவேண்டும் என்பது மூல டிகுவின் விதி. பிற்கால உலகங்கள் பலவற்றில் 'சேவ்' என்ற கட்டளையே போதுமானதாக இருக்கலாம். உங்கள் உலகின் விதி எதுவென்பதை 'ஹெல்ப்' என்ற கட்டளையின் வாயிலாக முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

தெற்கே சந்தைச் சதுக்கத்துக்குப் போனால், நடுவே விசித்திரமானதொரு சிலை நிற்பதாக ஒரு வாக்கியம் வரும். அவசரக்காரர் அதைக் கடந்து ஆயுதக் கடைக்கு ஓடுவார். 'லுக்' என்ற கட்டளையோடு சிலைக்குரிய ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தட்டுகிறவருக்கோ, அது அரண்மனையைச் சுற்றி வளைத்துக்கிடக்கும் மிட்கார்ட் சர்ப்பத்தின் உருவம் என்பது தெரியவரும். அந்த அறிவினால் ஒரு பொற்காசு கூடக் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் வருணனையில் வரும் பெயர்ச்சொற்களைத் தனித்தனியே உற்றுநோக்கலாம், அவற்றின் பின்னே வேறு வாக்கியங்கள் ஒளிந்திருக்கலாம் என்ற பாடம் அங்கேயே கைவந்துவிடுகிறது. பின்னொரு நாள் ஏதோ ஒரு பாழ்மண்டபத்தில், சுவரில் தொங்கும் திரைச்சீலையைப் பற்றிய அரைவரியைப் படித்து, அதனை விலக்கிப் பார்த்து, எவருக்கும் எளிதில் தென்படாத வாயிலொன்றைக் கண்டுபிடிக்கப் போகிறவர் இந்தச் சிலையை நின்று பார்த்தவரே.

வழி தவறாமலிருக்க ஒரு காகிதமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு ஒரு கட்டம், வழிக்கு ஒரு கோடு. கட்டத்துக்குள் இடத்தின் தலைப்பு, முக்கியமான கடையோ நீரூற்றோ இருந்தால் ஒரு குறிப்பு. வடக்கே சென்றவர் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார் என்ற நியாயம் இவ்வுலகங்களில் எப்போதும் செல்லாது. ஒருவழிப் பாதைகளும், புகுந்தவரைத் திசைகெடச் செய்யும் காடுகளும் வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கும். மட்லெட் தானே படம் வரையக்கூடியதுதான். எனினும் முதல் நகரத்தையாவது உங்கள் கையால் வரைந்தால், அதன் தெருக்கள் மனத்தில் பதிந்து, ஆபத்து வேளையில் படத்தைத் தேடாமலே கால்கள் கோயிலை நோக்கி ஓடும்.

சண்டைக்கு வருவோம். நகரத் தெருக்களில் 'ஃபைடோ' என்னும் முரட்டு நாய்கள் அலையும்; நகரக் காவலர்களும் உலாவுவார்கள். நாயைத் தாக்கினால் பிழைக்கலாம்; காவலரைத் தாக்கினால் பிழைப்பது துர்லபம். இரண்டும் ஒரேவிதமான ஒற்றை வரியாகவே திரையில் தோன்றுவதால் புதியவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இதற்காகவே 'கன்சிடர்' என்ற கட்டளை உண்டு. எதிரியின் பெயரோடு அதைத் தட்டினால், மிக எளிது என்பதிலிருந்து, உமக்குச் சித்தம் கலங்கிவிட்டதா என்பது வரையில் படிப்படியான பதில்கள் வரும். மூல டிகுவில் அக்கட்டளை உங்கள் படிநிலையையும் எதிரியின் படிநிலையையும் மட்டுமே ஒப்பிட்டுச் சொல்கிறது. நீங்கள் அப்போது அரையுயிராக நிற்பதை அது கணக்கில் கொள்வதில்லை. ஆதலின் திரையின் கடைசி வரியில் உயிர், மந்திரசக்தி, நடைவலு ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எண்கள் நிற்குமே, அவற்றைச் சண்டையின் நடுவே ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். உயிரின் எண் மூன்றிலொரு பங்காகக் குறைந்ததும் 'ஃப்ளீ' என்று தட்டி ஓடிவிடுங்கள். இவ்வுலகங்களில் ஓடிப்போவதை யாரும் கோழைத்தனமாகக் கருதமாட்டார்கள். 'விம்பி' என்ற கட்டளையோடு ஓர் எண்ணைக் கொடுத்துவைத்தால், உயிர் அந்த அளவுக்கு இறங்கியதும் தானே ஓடச்செய்யும் வசதியும் பல உலகங்களில் உண்டு.

நாயைக் கொன்றாயிற்று; அதன் உடல் தரையில் கிடக்கிறது. அதற்குள் மற்றொரு ஃபைடோ அங்கே வந்து, அவ்வுடலை வெறியோடு தின்று தீர்த்ததாக ஒரு வரி ஓடும். அந்த வரியைப் படியாதவர், உடலிலிருந்து எல்லாவற்றையும் எடு என்று கட்டளையிடுவார். அப்படி எதுவும் இங்கில்லை என்று பதில் வரும். ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டுவார். படித்தவருக்கு நடந்தது தெளிவாகத் தெரியும். நாய் உடலைத்தான் தின்னும், அதிலிருந்த பொருள்கள் தரையில் விழுந்து கிடக்கும், தரையிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். தெருவைத் துப்புரவு செய்யும் ஆள் ஒருவனும் அந்நகரில் சுற்றி வருகிறான், மலிவான பொருளைக் கண்டால் அவன் பொறுக்கிக்கொண்டு போய்விடுவான் என்பதையும் அறிந்தவர் தாமதிக்கமாட்டார். இரண்டு நாய்கள் ஒருங்கே நின்றால், எண் இரண்டு, ஒரு புள்ளி, பிறகு பெயர் என்று இடைவெளியின்றித் தட்டினால் இரண்டாவது நாய் குறிக்கப்படும். இவை சின்னஞ்சிறு விஷயங்கள்தாம். ஆனால் இந்த ஆட்டம் முழுவதும் இத்தகைய சின்னஞ்சிறு விஷயங்களின் கூட்டமே.

சண்டைக்குப் பின் இளைப்பாறுங்கள். டிகு உலகின் ஒரு மணி நேரம் நம் கணக்கில் 75 வினாடி; ஒரு முழு நாள் அரைமணியில் கழிந்துவிடும். அந்த மணி ஒவ்வொன்றும் திரும்பும்போதுதான் காயம் ஆறுகிறது. நிற்பவரைவிட உட்கார்ந்தவருக்கும், உட்கார்ந்தவரைவிட உறங்குபவருக்கும் விரைவாக ஆறுகிறது. அதே மணிக்கணக்கில் பசியும் தாகமும் ஏறுகின்றன. ஆகவே ரொட்டியும் நீரும் இல்லாமல் நகர எல்லையைத் தாண்டலாகாது. இத்தனைக்குப் பிறகும் மரணம் நேரத்தான் செய்யும். உங்கள் உடல் விழுந்த இடத்திலேயே உடைமைகளோடு கிடக்க, நீங்கள் வெறுங்கையராய் மறுபடி நுழைவீர்கள். மூல டிகுவில் ஈட்டிய அனுபவப் புள்ளிகளிலும் பாதி போய்விடும். அந்த வேளையில் ஆத்திரத்தோடு அதே இடத்துக்கு வெறுங்கையோடு ஓடுவதுதான் இரண்டாவது மரணத்துக்கு வழி. இறந்த இடத்தின் பெயரைத் திரையை மேலே தள்ளிப் படித்துக் குறித்துக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

துணை என்றேனே, அதுவே இவ்வுலகங்களின் உயிர்நாடி. 'ஹூ' என்று தட்டினால் அப்போது உள்ளே இருக்கும் மனிதர்களின் பட்டியல் வரும். 'சே' என்பது நீங்கள் நிற்கும் இடத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கும். 'டெல்' ஒருவர் காதில் மட்டும் விழும். பொது அலைவரிசையில் பேசுவது உலகம் முழுவதற்கும் எட்டும். புதியவர்களுக்கென்றே தனி அலைவரிசை பல உலகங்களில் உண்டு. புது ஊரில் குடியேறியவர் அடுத்த வீட்டுக்காரரிடம் குடிதண்ணீர் எந்த வேளையில் வரும் என்று கேட்பதற்குக் கூச்சப்படலாமா? ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு. 'எனக்கு உதவுங்கள்' என்று மொட்டையாகக் கேட்பவருக்கு யாராலும் உதவ இயலாது. நான் இந்த இடத்தில் நிற்கிறேன், இன்னது செய்தேன், இப்படிப் பதில் வந்தது, ஹெல்ப் பகுதியில் இன்னது படித்தேன் என்று கேட்பவருக்கு உடனே விடை கிட்டும். வாளும் கவசமும் இனாமாகக் கேட்டு அலைவது மதிப்பைக் கெடுக்கும். பிறர் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் எதிரியை இடையில் புகுந்து தாக்குவது பகையை வளர்க்கும். ஒருவரே இரண்டு மூன்று பாத்திரங்களாக ஒரே வேளையில் நுழைவது பல இடங்களில் விதிமீறல். உலகை நிர்வகிக்கும் அமரர்களிடம் சென்று, செத்ததற்கு நஷ்டஈடு கேட்பதும் வழக்கமில்லை.

நம்மவர்க்கு இரண்டு தயக்கங்கள் சகஜம். ஒன்று, ஆங்கிலம். இவ்வுலகங்களிற் பெரும்பாலானவற்றின் பாஷை ஆங்கிலமே. ஆனால் அன்றாட ஜீவனத்துக்கு வேண்டிய சொற்கள் மிகச் சிலவே. அவை திரும்பத் திரும்ப வருவதால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்குச் சில வாரங்களில் பரிச்சயமாகிவிடும். உரையாடலில் இலக்கணப் பிழை நேர்ந்தால் யாரும் எள்ளி நகையாடப்போவதில்லை. அங்கே பின்லாந்துக்காரரும் பிரேசில்காரரும் தங்கள் தங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். மற்றொன்று, உள்ளே ஆளே இல்லை என்ற குறை. நம் நாட்டில் காலை ஆறு மணி என்பது நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு ஏழரையோ எட்டரையோ. அமெரிக்கர் மிகுந்த உலகம் வெறிச்சென்றிருப்பதாகத் தோன்றினால் வைகறையில் எழுந்து நுழைந்து பாருங்கள்; ஐரோப்பியர் மிகுந்த உலகத்துக்கு நம் முன்னிரவே ஏற்ற வேளை.

எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடச் சொல்லும் ஒரு கூட்டத்தாரின் உபதேசத்துக்கு மட்டும் ஆரம்பத்தில் செவிசாய்க்கவேண்டாம். எதிரியின் வரி வந்தால் தானே தாக்கு, காயம் பட்டால் தானே மருந்து குடி என்றெல்லாம் கிளையன்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் 'ட்ரிக்கர்' என்ற உபாயம் உண்டு. முதிர்ந்த ஆட்டக்காரர் கையில் அது சாதுரியமான கருவிதான். ஆள் இல்லாமலே பாத்திரத்தை ஓடவிடுவதைப் பல உலகங்கள் தடை செய்திருந்தாலும், அளவான உபயோகத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் புதியவர் அதைக் கைக்கொண்டால் வாசிக்கும் வேலையை இயந்திரத்துக்கு ஒப்படைத்துவிட்டு, எண்கள் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். படம் நிறைந்த நவீன விளையாட்டுகள் அந்த இன்பத்தை இதைவிடச் சிறப்பாகவே தருகின்றனவாதலால், அவருக்கு இங்கே இருக்க ஒரு காரணமும் மிஞ்சாது. நிலை உயர்வதுதான் ஆட்டம் என்பதும் அவ்வளவு சரியன்று. சாதிப்பவர், ஆராய்பவர், பழகுபவர், கொல்பவர் என ஆட்டக்காரரில் நான்கு வகையினர் உண்டென்று மேலே சொன்ன பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். இவர்களுள் நீங்கள் யார் என்று முதல் வாரத்திலேயே முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். ஆராயப் பிறந்த ஒருவர், பிறர் சொற்கேட்டு எண்களைத் துரத்திச் சலித்துப் போவது வீண் நஷ்டம்.

வாசிப்பே வலிமை என்று நான் சொல்வது மிகையென்று கருதுவோருக்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் காட்டுகிறேன். பார்வையற்ற பலர், திரையில் வரும் எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளின் துணையோடு இவ்வுலகங்களில் ஆடுகிறார்கள்; சில உலகங்களில் தேர்ந்த ஆட்டக்காரர் வரிசையிலும் நிற்கிறார்கள். எழுத்துக் குறிகளால் வரைந்த படங்களை நீக்கிவிடும் ஏற்பாட்டை அவர்களுக்காகவே பல உலகங்கள் செய்து தந்திருக்கின்றன. சித்திரம் ஒன்றும் இல்லாத உலகில் கண்ணுடையவருக்கு எவ்விதச் சலுகையும் இல்லை. ஒவ்வொரு வரியையும் முழுமையாகக் கேட்டு மனத்தில் வாங்குகிறவர், பாதி வரியில் தாவிப்போகிறவரை எளிதில் வென்றுவிடுகிறார்.

ஆகவே நண்பர்களே, கணினியை மூடுவதற்கு முன் ஒரே ஒரு மாலைப்பொழுதை எனக்காகத் தாருங்கள். அன்று எவரையும் தாக்கவேண்டாம். எந்த எண்ணையும் உயர்த்தவேண்டாம். கோயிலிலிருந்து சந்தை வரை நடந்து, ஒவ்வோரிடத்திலும் வருணனையைக் கடைசிச் சொல் வரையில் படித்து, அதில் வரும் பொருள்களை உற்றுநோக்கி, காகிதத்தில் படம் வரைந்து, புதியவர் அலைவரிசையில் ஒரு கேள்வியாவது கேட்டு, உங்கள் உலகின் விதிப்படி பாத்திரத்தைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியே வாருங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக விலகிக்கொள்ளலாம். வாசித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்கிறவரைத் தடுத்து நிறுத்த எனக்கு நியாயமில்லை. வாசியாமலே போகிறவரை வழிமறிக்கும் உரிமை மட்டும் எனக்கு உண்டென்று நினைத்தே இத்தனை நீளமாக எழுதினேன்.

இங்ஙனம்,
உங்களுக்கு முன்னே வந்து குடியேறிய ஒருவன்